தி பாய்ஸ்: கிண்டல் பக்தியையா, பக்தி வியாபாரத்தையா?

ரயிலடி

"தி பாய்ஸ்" தொடரின் நான்கு சீசன்களையும் இரண்டாம் தடவை பார்த்து முடித்தேன். கையோடு எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் கோபம் ஆறிவிடும். ஐந்தாவது சீசனைப் பற்றி இந்த இழையில் யாரும் வாய் திறக்க வேண்டாம். பார்க்காதவர்கள் இருக்கிறோம்.

தொடரே தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 2019 ஜூலையில் அமேசான் பிரைமில் தொடங்கியது. இந்தக் கதையின் அமெரிக்காவில் சூப்பர்ஹீரோக்கள் நிஜமாகவே உண்டு, ஆனால் அத்தனை பேரும் வாட் என்கிற கம்பெனியின் சம்பளக்காரர்கள். சினிமா, பொம்மை, விளம்பரம், அரசாங்கத்தில் ஆள் பிடிப்பது எல்லாம் கம்பெனியின் வேலை. தலைவன் ஹோம்லேண்டர். சூப்பர்மேன் பலம், முதுகில் அமெரிக்கக் கொடி, உள்ளுக்குள் தாய்ப்பாசம் கிடைக்காத பிசாசு. இவர்களை ஒழித்துக்கட்ட அலைகிற சில்லறைக் கூட்டம்தான் தலைப்பில் உள்ள பசங்க.

முதல் சீசனில் மதத்தையும் அரசியலையும் இவர்கள் தொட்ட விதம் அபாரம். நான்காவது சீசனில் கையில் இருப்பது துண்டுப் பிரசுரம்.

முதல் சீசனின் ஐந்தாவது பகுதியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். "பிலீவ் எக்ஸ்போ" என்று ஒரு கிறிஸ்தவத் திருவிழா. எசேக்கியல் என்ற ரப்பர் உடம்புக்காரர் போதகர். ஓரினச்சேர்க்கை பாவம் என்று மேடையில் முழங்குவார், ஆண்களோடு அவர் இருந்த வீடியோவை வைத்து பசங்களில் ஒருவனான ஹியூயி மிரட்டுவான். இது பழைய ஜோக், விடுங்கள். ஆனால் அதே மேடையில் ஸ்டார்லைட் என்கிற ஆனி ஏறுகிறாள். அயோவாவில் சர்ச்சிலேயே வளர்ந்த பெண். எழுதிக் கொடுத்ததைத் தள்ளி வைத்துவிட்டு, எல்லாக் கேள்விக்கும் தன்னிடம் பதில் இருப்பதாகச் சொல்கிறவர்கள் பொய் சொல்கிறார்கள் என்கிறாள். தனக்கு நடந்த பாலியல் கொடுமையையும் அங்கேயே போட்டு உடைக்கிறாள். அந்தக் கூட்டத்தில் உண்மையாகக் கடவுளை நம்புகிற ஒருத்தி கேட்கிற கேள்வி அது. அதனால்தான் வலிக்கிறது.

நான்காவது சீசனில் ஃபயர்கிராக்கர் வருகிறாள். ஒரு கையில் துப்பாக்கி, மறு கையில் பைபிள், வாயைத் திறந்தால் சதிக்கதை. அவளைப் பார்த்துச் சிரிக்கலாம், அவ்வளவுதான். நம்பிக்கையுள்ள ஒருவர்கூட இப்போது இந்தக் கதையில் மனுஷராக இல்லை.

மொட்டைமாடி

ரயிலடி அண்ணே, வணக்கம். ஒவ்வொரு தடவையும் "முன்னாடி நல்லா இருந்தது, இப்போ அரசியல் கலந்துட்டாங்க" என்று ஒருவர் வருவார். இந்தத் தடவை நீங்கள்.

எப்போது அரசியல் இல்லாமல் இருந்தது? மூலமான காமிக்ஸ் 2006-இல் வந்தது. எழுதியவர் கார்த் என்னிஸ், வட அயர்லாந்துக்காரர். மதமும் அரசியலும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அந்த ஊர்க்காரருக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. காமிக்ஸில் செப்டம்பர் 11 அன்று சூப்பர்ஹீரோக்கள் விமானத்தைக் காப்பாற்றப் போய்ச் சொதப்புவார்கள். முட்டாள் துணை அதிபர் ஒருவர் உண்டு, புஷ் காலத்துக் கிண்டல். முதலில் சூப்பர்மேன் காமிக்ஸ் போடுகிற டிசி குடும்பத்தைச் சேர்ந்த வைல்ட்ஸ்டார்ம் வெளியிட்டது, ஆறே இதழில் கைகழுவிவிட்டார்கள், அப்புறம் டைனமைட் எடுத்துக்கொண்டது. ஆறு இதழிலேயே பதிப்பாளர் பயந்துபோன கதை இது.

நீங்கள் புகழும் அந்த ஐந்தாவது பகுதியில் ஹோம்லேண்டர் என்ன செய்கிறான்? முந்தின பகுதியில் ஒரு விமானத்தில் இருந்த அத்தனை பேரையும் சாகவிட்டுவிட்டு வந்திருக்கிறான். அந்தப் பிணங்களின் மேல் ஏறி நின்றுகொண்டு, பழிவாங்க வேண்டும், நாடாளுமன்றத்தின் அனுமதிக்கு நான் ஏன் காத்திருக்க வேண்டும், எனக்கு மேலே இருக்கிற சட்டம் வேறு என்று கூவுகிறான். கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. 2001-க்குப் பிறகு அமெரிக்கா போருக்குப் போன விதம் அத்தனையும் அந்த மூன்று நிமிஷத்தில் இருக்கிறது. அதை ரசித்தீர்கள். 2024-இல் அதே ஆளை அதே மேடையில் வைத்தால் பிரசுரம் என்கிறீர்கள். அன்றைக்கு அடி விழுந்தது புஷ்ஷுக்கு, இன்றைக்கு வேறு ஆளுக்கு. வலிக்கிற இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

ரயிலடி

எனக்கு ஏன் ஐயா வலிக்கப் போகிறது? நான் கும்பகோணத்தில் உட்கார்ந்துகொண்டு பார்க்கிறேன். எனக்கு அங்கே ஓட்டும் இல்லை, சர்ச்சும் இல்லை. கதை சலிப்பாக இருக்கிறது என்றால் அதற்கும் ஒரு கட்சி முத்திரை குத்த வேண்டுமா?

குட்டிச்சுவர்

ஹோம்லேண்டர் கெட்டவன் என்று எனக்கு மூன்றாவது சீசனில்தான் உறைத்தது என்று சொன்னால் அடிப்பீர்களா

மட்டுறுத்துநர்

உள்ளூர்க் கட்சிகளை இழுத்த மூன்று பின்னூட்டங்களை எடுத்துவிட்டேன். யார் யாரைப் போல இருக்கிறார் என்று எல்லோருக்கும் தோன்றும், மனசுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். இழை அமெரிக்காவைப் பற்றியது.

வேதக்கோயில் பேத்தி

பேர் பார்த்தாலே தெரியும். பாளையங்கோட்டைப் பக்கம். தாத்தா உபதேசியாராக இருந்தார். எங்கள் வீட்டில் சர்ச் என்று சொல்லிப் பழக்கமில்லை, வேதக்கோயில்தான். இப்போது டெக்சாஸில் பதினோரு வருஷம்.

கிறிஸ்தவளாகச் சொல்கிறேன், இந்தத் தொடர் என் நம்பிக்கையைக் கிண்டல் செய்ததாக எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் எதைப் பார்த்து நெளிகிறேனோ அதைத்தான் கிண்டல் செய்கிறது.

இங்கே வந்த புதிதில் பக்கத்து வீட்டுக்காரர் தம் சபைக்கு அழைத்துப்போனார். பெயர் வேண்டாம். ஜூலை 4-ஐ ஒட்டிய ஞாயிறு. முதல் பாட்டு முடிந்ததும் கொடி அணிவகுப்பு. அப்புறம் இசைக்குழு தரைப்படைக்கு ஒரு பாட்டு, கப்பற்படைக்கு ஒரு பாட்டு, விமானப்படைக்கு ஒரு பாட்டு என்று வரிசையாக வாசித்தது. அந்தந்தப் படையில் இருந்தவர்கள் எழுந்து நிற்க, சபை முழுக்கக் கைதட்டல். நான் சிலுவை எங்கே என்று தேடினேன். கொடிக்குப் பின்னால் இருந்தது. நல்ல மனுஷர்கள் அவர்கள், என் பிள்ளை பிறந்தபோது ஒரு மாசம் சோறு கொண்டுவந்து கொடுத்தவர்கள். ஆனால் அன்றைக்கு அங்கே யாருக்கு ஆராதனை நடந்தது என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "பிலீவ் எக்ஸ்போ" பார்த்தபோது எனக்கு அந்த ஞாயிறுதான் ஞாபகம் வந்தது.

இதெல்லாம் மிகை என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஹூஸ்டனில் கூடைப்பந்து அரங்கமாக இருந்த ஒரு கட்டடம் 2005 முதல் சபையாக நடக்கிறது. பதினாறாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். கொடியும் தேவனும் ஆதிகாலத்திலிருந்தே ஒட்டிப் பிறந்தவையும் இல்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சொல்கிற கொடி உறுதிமொழியில் "தேவனுக்குக் கீழ்" என்ற வார்த்தை 1954-இல்தான் சேர்ந்தது. "கடவுளை நம்புகிறோம்" என்பது நாட்டின் அதிகாரபூர்வ வாசகமானது 1956-இல். கடவுளில்லாத சோவியத்துக்கு எதிராக நாங்கள் கடவுள் பக்கம் என்று காட்ட வேண்டியிருந்த பனிப்போர்க் காலம். ஹோம்லேண்டரின் உடுப்பை யார் தைத்தார்கள் என்று கேட்டால் அன்றைய அதிபர் ஐசனோவர் காலத்து டெய்லர்கள் என்பேன்.

அந்தப் போதகரின் பெயரைக் கவனித்தீர்களா? நம் வேதாகமத்தில் எசேக்கியேல். அந்தப் புத்தகத்தின் 34-ஆம் அதிகாரம் "தங்களையே மேய்க்கிற இஸ்ரவேலின் மேய்ப்பருக்கு ஐயோ!" என்று தொடங்கித் திட்டித் தீர்க்கும். கொழுத்ததை அடித்துத் தின்று, ஆட்டுமயிரை உடுத்திக்கொண்டு, மந்தையை மேய்க்காத மேய்ப்பர்கள். எழுதியவர்கள் யோசித்து வைத்தார்களோ, வாயில் வந்ததை வைத்தார்களோ, பொருந்திவிட்டது. ஊழியக்காரரைக் கிண்டல் செய்தாலே மதத்துக்கு எதிரி என்றால் தீர்க்கதரிசிகள் எல்லோரும் எதிரிகள்தான்.

ரயிலடி

அக்கா, நீங்கள் சொல்வதில் ஒன்றையும் நான் மறுக்கவில்லை. நான் சொன்னதும் அதுதானே? முதல் சீசன் அதைச் செய்தது. காம்பவுண்ட் வி விஷயத்தைப் பாருங்கள். ஹீரோக்களைக் கடவுள் தேர்ந்தெடுத்தார் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்கள். கடைசியில் பார்த்தால் கைக்குழந்தைகளுக்குக் கம்பெனி ஏற்றிய மருந்து. ஆனியின் அம்மாவே சம்மதம் கொடுத்திருக்கிறாள். பிள்ளையைக் கடவுள் தொட்டார் என்று இருபது வருஷமாகச் சபையில் சாட்சி சொன்ன அம்மா! அந்த ஒரு திருப்பத்தில் மதம், மருந்துக் கம்பெனி, பெற்றோரின் பேராசை, தேசப்பெருமை எல்லாம் ஒரே முடிச்சில் மாட்டிக்கொள்கின்றன. அதற்குப் பிறகு எந்த சீசனிலும் அந்த ஆழத்துக்குப் போகவில்லை என்பதுதான் என் புகார்.

நெல்லிக்குப்பம்

நான் வேறு பக்கத்திலிருந்து வருகிறேன். இரண்டு தரப்பும் ஒன்றைப் பேசவில்லை. வாட் கம்பெனியைக் கிழிகிழி என்று கிழிக்கிற இந்தத் தொடரைத் தயாரிப்பது யார்? அமேசான். உலகத்தின் மிகப் பெரிய கடைக்காரர்களில் ஒருவர். போதாக்குறைக்கு வாட் கம்பெனியின் பொய்ச் செய்தி சேனலை நிஜ யூடியூபில் நடத்தி அதையும் விளம்பரமாக்கினார்கள். கம்பெனி எதிர்ப்பைக் கம்பெனியே பொட்டலம் கட்டி விற்கிறது, நாம் காசு கொடுத்து வாங்கிப் புரட்சி செய்கிறோம்.

மதத்தையும் சூப்பர்ஹீரோவையும் சேர்த்து விற்பது கற்பனையும் இல்லை. 2013-இல் "மேன் ஆஃப் ஸ்டீல்" வந்தபோது வார்னர் பிரதர்ஸ் என்ன செய்தது? போதகர்களுக்குத் தனிக்காட்சி. ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்கு ரெடிமேட் குறிப்பு, "இயேசு: முதல் சூப்பர்ஹீரோ" என்ற தலைப்பில். படத்தில் சூப்பர்மேனுக்கு வயது 33 என்று ஒரு வசனம் வேறு. இதில் வேடிக்கை என்னவென்றால் சூப்பர்மேனை 1938-இல் உலவவிட்டவர்கள் கிளீவ்லாந்தில் வளர்ந்த இரண்டு யூதப் பையன்கள், ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும். அழிகிற உலகத்திலிருந்து பெட்டியில் வைத்து அனுப்பப்பட்ட குழந்தை என்றால் அது நாணல் பெட்டியில் மிதந்த மோசே. அந்த மோசேயை எழுபத்தைந்து வருஷத்தில் இயேசுவாக்கி, டிக்கெட்டும் கிழித்தாயிற்று. இதைவிடப் பெரிய பகடியை எழுத்தாளர்கள் உட்கார்ந்து யோசிக்க முடியுமா?

மொட்டைமாடி

அடடா, இந்தப் பிரசங்கக் குறிப்பு விஷயம் எனக்குத் தெரியாது. நன்றி.

ரயிலடி அண்ணனுக்கு மீண்டும். "ஆழம் போய்விட்டது" என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். இரண்டாவது சீசனின் ஸ்டார்ம்ஃப்ரண்ட்? காமிக்ஸில் ஆண். தொடரில் வெடுக்வெடுக்கென்று பேசுகிற, போனும் மீமுமாகத் திரிகிற, எல்லோருக்கும் பிடிக்கிற பெண். பிறந்தது 1919, பெர்லின். அசல் நாஜி, வாட் கம்பெனியை நிறுவியவரின் மனைவி. நான் சொல்வதெல்லாம் ஜனங்களுக்குப் பிடித்திருக்கிறது, நாஜி என்ற சொல்தான் பிடிக்கவில்லை என்பது அவள் தத்துவம். அதே சீசனில் ஏழாவது பகுதியின் தொடக்கத்தில் ஒரு பையன் வருவான். வீட்டில் டிவி, கையில் போன், காலை, மாலை, இரவு அவள் பேச்சு. கடைசியில் தினமும் பொருள் வாங்குகிற கடைக்காரரைப் பயங்கரவாதி என்று நினைத்துச் சுட்டுவிடுவான். வசனமே கிட்டத்தட்டக் கிடையாது. இது ஆழம் இல்லையா?

இன்னொன்று. ஒரு கட்சியை மட்டும் அடிக்கிறார்கள் என்பதும் சரியில்லை. விக்டோரியா நியூமன் யார்? வாட் கம்பெனிக்கு எதிராகக் குரல் கொடுக்கிற இளம் முற்போக்கு எம்.பி. தொண்டர்கள் உருகுகிறார்கள். கண்ணாலேயே தலைகளை வெடிக்க வைப்பவள் அவள்தான் என்று கடைசியில் தெரிகிறது. மேவ் என்கிற ஹீரோயினை ஓரினச்சேர்க்கையாளர் என்று ஹோம்லேண்டர் டிவியில் போட்டு உடைத்ததும் கம்பெனி வானவில் தோரணம் கட்டி விற்றதே, அது யாரை அடித்தது? ஏ-ட்ரெயின் என்கிற கறுப்பின ஹீரோ குளிர்பானத்தைக் கையில் பிடித்துக்கொண்டு போராட்டத்தில் சமாதானம் செய்யும் விளம்பரம் 2017-இல் பெப்சி எடுத்து வாங்கிக்கட்டிக்கொண்ட விளம்பரத்தின் நகல். 2020 ஊரடங்கில் நட்சத்திரங்கள் சேர்ந்து பாடிய பாட்டு வீடியோவைக்கூட டீப் என்கிற ஹீரோவை வைத்து நக்கலடித்தார்கள்.

ரயிலடி

நீங்கள் சொன்னதில் நியூமன் மட்டும்தான் அரசியல். மற்ற மூன்றும் கம்பெனிகளும் நடிகர்களும் முற்போக்கு வேஷம் போடுவதைக் கிண்டல் செய்கின்றன. அது சுலபம், எல்லோரும் சிரிப்பார்கள். முற்போக்குக் கொள்கையை நிஜமாக நம்புகிற ஒருவர் அதனாலேயே தப்பு செய்வதாகக் காட்டியிருக்கிறார்களா? வலது பக்கத்தில் கொள்கையே விஷம், இடது பக்கத்தில் வேஷம்தான் விஷம். தராசு அங்கேதான் சாய்கிறது.

சாயட்டும், தப்பில்லை. எந்தப் பக்கமும் சாயாத அங்கதம் உப்பில்லாத கஞ்சி. ஆனால் சாய்ந்த தராசை வைத்துக்கொண்டு எல்லோரையும் அடிக்கிறோம் என்று சொல்லாதீர்கள். தொடரை நடத்துகிற எரிக் கிரிப்கி ஒளித்துப் பேசவில்லை. ஹோம்லேண்டர் எனக்கு எப்போதுமே ட்ரம்பின் நகல்தான் என்று 2022-இலேயே பேட்டியில் சொல்லிவிட்டார். இது ரொம்ப இடதுசாரி என்று தோன்றினால் வேறு ஏதாவது பாருங்கள் என்றும் 2024-இல் சொன்னார். அவரே சொன்ன பிறகு நீங்கள் ஏன் அவருக்காக இல்லை என்கிறீர்கள்?

மொட்டைமாடி

சரி, தராசு விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் நான்காவது சீசன் தட்டையாகத் தெரிவதற்கு எழுத்தாளர்களை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. மிகைப்படுத்துவதற்கு மிச்சம் என்ன இருக்கிறது? 2021 ஜனவரி 6 அன்று செனட் மண்டபத்துக்குள் புகுந்தவர்களில் கொம்பு வைத்த ஒருவர் நின்று உரக்க ஜெபம் செய்தார், மற்றவர்கள் தலைகுனிந்து ஆமென் சொன்னார்கள். வீடியோ இருக்கிறது. நான்காவது சீசனின் கடைசிப் பகுதி தேர்தல் முடிவைச் சான்றளிக்கிற அதே ஜனவரி 6-இல் நடக்கிறது, அதில் ஒரு கொலை முயற்சி. எடுத்தது 2023-இல். வெளியானது 2024 ஜூலை 18. ஐந்து நாள் முன்னால் பென்சில்வேனியாவின் பட்லரில் ட்ரம்ப்பைச் சுட்டார்கள். அவசர அவசரமாகப் பகுதியின் தலைப்பை மாற்றி, முன்னால் எச்சரிக்கை வாசகம் போட்டார்கள். பகடி எழுதுகிறவன் ஓடுகிறான், செய்தித்தாள் அவனை முந்திக்கொண்டு ஓடுகிறது.

குட்டிச்சுவர்

நான் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்கிறேன். முதல் இரண்டு சீசனில் அவன் பறந்து வரும்போது எனக்குப் புல்லரித்தது. நான் முட்டாளா?

நெல்லிக்குப்பம்

தம்பி, நீ தனியாள் இல்லை. 2020 நவம்பரில் வாஷிங்டனில் நடந்த ட்ரம்ப் ஆதரவுப் பேரணிக்கு ஒருத்தர் ஹோம்லேண்டர் வேஷத்திலேயே வந்தார். இவர்கள் தொடரைப் பார்த்தார்களா இல்லையா என்று கிரிப்கி ட்விட்டரில் தலையில் அடித்துக்கொண்டார்.

இதற்கு ஐம்பது வருஷப் பழைய முன்கதை உண்டு. 1971-இல் அமெரிக்க டிவியில் ஆர்ச்சி பங்கர் என்று ஒரு பாத்திரம் வந்தது. கறுப்பர், யூதர், பெண்கள் என்று எல்லோரையும் மட்டமாகப் பேசுகிற நடுத்தர வயது வெள்ளைக்காரர். எழுதியவர்களின் நோக்கம் அந்த மனநிலையைப் பார்த்து ஜனங்கள் சிரித்துத் திருந்துவது. 1974-இல் வித்மர், ரோக்கீச் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பார்வையாளர்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். ஏற்கெனவே அந்த மனநிலை உள்ளவர்கள் ஆர்ச்சி நம்ம ஆள், சரியாகத்தான் பேசுகிறார் என்று ரசித்துக்கொண்டிருந்தார்கள். 2009-இல் ஸ்டீபன் கோல்பேரின் டிவி நிகழ்ச்சியை வைத்து இன்னொரு ஆய்வு. வலதுசாரி வேஷம் போட்டு வலதுசாரிகளைக் கிண்டல் செய்தவர் அவர். பழமைவாதிகளில் பலர் அவர் கிண்டல் செய்வதுபோல நடிக்கிறார், உள்ளுக்குள் நிஜமாகவே நம்ம பக்கம் என்று நினைத்தார்கள்.

ஆக ரயிலடியும் மொட்டைமாடியும் சொல்கிற ஆழமான முதல் சீசன்களை விரும்பியவர்களில் எத்தனை பேர் ஹோம்லேண்டரை ஹீரோவாக ரசித்தார்கள்? நான்காவது சீசனில் எழுத்தாளர்கள் ஸ்பீக்கர் வைத்துக் கத்தியது அதனால்தான் என்பது என் ஊகம். நுட்பமாகச் சொன்னால் புரியாது, கத்திச் சொன்னால் கலை இல்லை. எந்தப் பக்கம் போனாலும் முட்டுச்சந்து.

வேதக்கோயில் பேத்தி

ரயிலடி அண்ணனுக்கு ஆதரவாக ஒன்று சொல்லப் போகிறேன், ஆனால் அவர் சொல்லாத காரணத்துக்காக.

அமெரிக்காவில் மதமும் அரசியலும் என்றதும் இந்தத் தொடருக்குத் தெரிவது வெள்ளைக்காரர்களின் மெகா சர்ச் மட்டும்தான். செழிப்பு உபதேசம், டிவி ஊழியம், கொடி. சரி, அது இருக்கிறது, வலுவாகவும் இருக்கிறது. 2016 தேர்தலில் வெள்ளை இவாஞ்சலிக்கர்களில் பத்தில் எட்டுப் பேர் ட்ரம்புக்கு ஓட்டுப் போட்டார்கள். ஆனால் இந்த நாட்டில் மதம் அரசியலுக்குள் வந்து செய்த ஆகப் பெரிய காரியம் எது? மார்ட்டின் லூதர் கிங் ஒரு பாப்டிஸ்ட் போதகர். 1957-இல் அவர்கள் தொடங்கிய அமைப்பின் பெயரிலேயே "கிறிஸ்தவ" என்று இருந்தது. 1963 செப்டம்பர் 15, ஞாயிறு காலை, பர்மிங்காமில் வேதக்கோயிலுக்குக் குண்டு வைத்து நாலு பெண்பிள்ளைகளைக் கொன்றார்கள். ஏன் கோயிலுக்கு வைத்தார்கள்? போராட்டம் அங்கிருந்துதான் புறப்பட்டது.

இந்தத் தொடரில் பசங்க கூட்டத்துக் கறுப்பர் எம்.எம். இருக்கிறார், ஏ-ட்ரெயின் இருக்கிறான். மூன்றாவது சீசனில் ப்ளூ ஹாக் என்ற ஹீரோ கறுப்பர் குடியிருப்பில் புகுந்து அடிப்பதும், மன்னிப்புக் கேட்க வந்த கூட்டத்திலேயே மறுபடி அடிப்பதும், ஏ-ட்ரெயினின் அண்ணன் முடமாவதும் நல்ல எழுத்து. அந்தக் கூட்டம் நடந்த இடம் ஒரு சமூகக் கூடம். நிஜத்தில் அப்படி ஒரு கூட்டம் பெரும்பாலும் சர்ச்சின் கீழ்த்தளத்தில் நடக்கும், ஒரு போதகர் முன்னால் உட்கார்ந்திருப்பார். தொடரில் அந்த மனுஷருக்கு நாற்காலி இல்லை. அவரைக் காட்டியிருந்தால் "மதம் என்றால் ஏமாற்று" என்ற சூத்திரம் கலைந்துபோயிருக்கும். இன்னும் சுவாரசியமாக ஆகியிருக்கும்.

2019-இல் வந்த "வாட்ச்மென்" தொடர் 1921-இல் டல்சாவில் கறுப்பர் குடியிருப்பை எரித்ததிலிருந்துதான் ஆரம்பித்தது. சூப்பர்ஹீரோ முகமூடியை வைத்து அந்த வரலாற்றை எவ்வளவு தூரம் தோண்டலாம் என்று அவர்கள் காட்டிவிட்டார்கள். ஆக முடியாத காரியமில்லை.

மொட்டைமாடி

அக்கா, இதற்கு என்னிடம் பதில் இல்லை. உண்மை.

ஃபயர்கிராக்கரைப் பற்றி மட்டும் ஒன்று. அவள் வெறும் கார்ட்போர்டு இல்லை. சேஜ் என்கிற இன்னொரு ஹீரோவிடம் ஒரு இடத்தில் சொல்வாள், இந்த ஜனங்களிடம் ஒன்றுமே இல்லை, நான் அவர்களுக்கு ஒரு கதை சொல்கிறேன், வாழ்வதற்கு ஒரு நோக்கம் கொடுக்கிறேன் என்று. தான் சொல்வது பொய் என்று தெரிந்தே சொல்கிறாள். சின்ன வயசில் அழகிப் போட்டியில் அவளைப் பற்றி அசிங்கமான வதந்தியைக் கிளப்பியவள் வேறு யாருமில்லை, நம் ஸ்டார்லைட்தான். ரயிலடி அண்ணன் கேட்ட "நல்ல பக்கத்தின் தப்பு" அங்கே இருக்கிறது.

ரயிலடி

இருக்கிறது, ஒரு காட்சி. அப்புறம் அதை வைத்து என்ன செய்தார்கள்? ஆனியின் கருக்கலைப்பை அவள் டிவியில் போட்டு உடைக்கிறாள், ஆனி அடித்து நொறுக்குகிறாள், நாம் கைதட்டுகிறோம். நோக்கம் விற்கிறேன் என்று சொன்னாளே, அந்த நோக்கத்தை வாங்குகிறவர்களில் ஒருவர் வீட்டுக்காவது கேமரா போனதா? இரண்டாவது சீசனில் அந்தக் கடைக்காரரைச் சுட்ட பையனின் வீட்டுக்குப் போனார்களே, அந்த அக்கறை நான்காவதில் எங்கே?

வேதக்கோயில் பேத்தி

போனது அண்ணா. டாட்.

எம்.எம்-இன் முன்னாள் மனைவியின் புருஷன். சாதுவான ஆள், எம்.எம்-இன் மகளுக்குச் சித்தப்பா ஸ்தானம். வீட்டில் ஹோம்லேண்டர் பேச்சைக் கேட்டுக் கேட்டு ஊறிப்போகிறார். மூன்றாவது சீசனின் கடைசிக் காட்சி ஞாபகம் இருக்கும். கூட்டத்தில் ஒருத்தன் ஹோம்லேண்டரின் மகன் மேல் ஏதோ வீசுகிறான், ஹோம்லேண்டர் எல்லோர் முன்னாலும் அவன் தலையைக் கண்ணால் சிதறடிக்கிறான். ஒரு நொடி நிசப்தம். ஹோம்லேண்டருக்கே பயம், முடிந்தது என்று நினைக்கிறான். அப்போது முதல் ஆளாகக் கையை உயர்த்திக் கத்துவது டாட். அதற்கப்புறம்தான் கூட்டம்.

நான்காவது சீசனின் முதல் பகுதியில் அந்த டாட்டை வாட் கோபுரத்துக்குக் கூப்பிடுகிறார்கள். உச்சி குளிர்ந்து போகிறார். ஏ-ட்ரெயின், டீப், நாய்ர் என்று ஹோம்லேண்டரின் ஆட்கள் மூன்று பேரும் அவரையும் இன்னும் இரண்டு பேரையும் அடித்தே கொல்கிறார்கள். எடுத்துக்கொண்டுபோய்க் கலவரத்தின் நடுவே போட்டுவிட்டு, ஸ்டார்லைட் ஆட்கள் செய்த கொலை என்கிறார்கள்.

எங்கள் பக்கத்தில் இப்படிச் சாகிறவர்களுக்கு இரத்தசாட்சி என்று பேர். தான் நம்புகிறவருக்காக உயிரைக் கொடுத்தவர். டாட் தான் நம்பியவனுடைய ஆட்கள் கையாலேயே செத்து, அவனுக்கே இரத்தசாட்சி ஆனார். நான்காவது சீசனில் மதத்தைப் பற்றிய பகடி என்று எனக்குப் படுவது இதுதான். ஃபயர்கிராக்கரின் பைபிளை விடுங்கள்.

ரயிலடி

டாட்டை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. ஏதோ சில்லறைப் பாத்திரம் என்று கடந்துவிட்டேன். அவரைக் கொன்றது சதித்திட்டத்துக்கு ஒரு சாக்கு என்றுதான் பார்த்தேன்.

மற்ற ஏழு பகுதிகளைப் பற்றிய என் கருத்து அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அந்த முதல் பகுதியை இன்று ராத்திரி மறுபடி பார்க்கிறேன்.

நெல்லிக்குப்பம்

பாருங்கள். அமேசானுக்கு இன்னொரு மணி நேரம் லாபம்.

குட்டிச்சுவர்

மூன்றாவது சீசனின் அந்தக் கடைசிக் காட்சியில் டாட் கத்தியபோது நானும் சோபாவிலிருந்து கத்தினேன். சும்மா சொல்லிவைக்கிறேன்.